கணக்கில் கெட்டிக்காரர்கள்

மலையகத்தைக் குறை சொல்பவர்கள் ஒரு மாலை வட்டவளைப் பக்கம் வந்து கொழுந்து மடுவத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவு கச்சிதமாகக் கணக்கு வைக்கும் இடம் இந்தத் தீவில் இன்னொன்று இருந்தால் யாராவது காட்டட்டும். சாக்கின் எடைக்கு ஒரு கழிவு. மழை நாளென்றால் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு இன்னொரு கழிவு. முற்றல் இலை கண்ணில் பட்டால் அதற்கும் உண்டு. இடுப்பில் படங்கு கட்டிய பெண் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பாள். எண்ணைச் சொன்னதும் அது புத்தகத்தில் ஏறிவிடும். சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி, அரைப்பேராகிவிடும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் மறுபடி கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. துரைமார் போனார்கள், வந்தார்கள். தராசு மட்டும் அசையாமல் நின்றது. இந்த ஒழுங்கை மனம்விட்டுப் பாராட்டத்தான் வேண்டும்.

மழைக்கும் இங்கே கணக்கு உண்டு. தீவில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். இத்தனை தண்ணீரைக் குடித்த மலை சும்மா இருக்குமா? 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் ரயில் பாதையைத் தாங்கி நின்ற சரிவு நகரத் தொடங்கியது. அப்போது நம் பொறியியலாளர்கள் காட்டிய பொறுமையை இன்றைக்கும் கை கூப்பிப் புகழலாம். தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்தால் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலைக்குள் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தேடினார்கள். சரிவின் வயிற்றுக்குள் கிடையாகத் துளையிட்டுக் குழாய்களைச் செலுத்தி, உள்ளே அடைந்து கிடந்த நீரை வெளியே வடிய விட்டார்கள். மலை நின்றது. பதுளை போகும் ரயில் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. அந்த மலையை யாரும் திட்டவில்லை, கெட்ட மலை என்று பெயர் வைக்கவும் இல்லை. அது ஏன் சரிகிறது என்று கேட்டார்கள். ஒரு மண்மேட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த நாடு நம்முடையது.

இதே கேள்வியை மனிதர்களைப் பற்றியும் கேட்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2002இல் வன்முறையும் சுகாதாரமும் பற்றிய தன் முதலாவது உலக அறிக்கையில் எழுதியது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1996இல், உலக சுகாதாரப் பேரவை வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்துவிட்டது. இளைஞன் ஒருவன் கத்தியைத் தூக்கினால், எந்த நாளில், எந்த இடத்தில், எதைக் குடித்துவிட்டு, யாருக்குப் பயந்து தூக்கினான் என்று காய்ச்சலை விசாரிப்பதுபோல விசாரி என்பதே அந்த வழி. காரணம் தெரிந்தால் அடுத்த காயத்தைத் தடுக்கலாம். தண்டனையையும் பொலிஸையும் வேண்டாம் என்று இந்த வழி சொல்லவில்லை. அவை வந்து சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைத்தான் சொல்கிறது.

அந்த வேலையில் நம் சுகாதாரத் துறையைப் புகழ ஆயிரம் நாக்கும் போதாது. 1926இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கி, ஆசியாவுக்கே வழி காட்டிய துறை அது. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த இந்த நாடு, 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய ஒரு மலேரியா நோயாளிகூட இல்லாமல், 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் வாங்கியது. காய்ச்சல் வந்தவன் எங்கே தூங்கினான், எந்த ஊருக்குப் போய் வந்தான், வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் குட்டையில் தண்ணீர் நின்றது என்று ஒவ்வொருவராகத் துருவிக் கேட்டுத்தான் அதை வாங்கினார்கள்.

லயத்துக்கு வரும் மருத்துவ மாதுவைப் பாருங்கள். மழையில் குடையோடு ஏறி வந்து, எந்தக் காம்பிராவில் எத்தனை மாதக் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று கை விரலில் வைத்திருக்கிறார். குழந்தையின் எடை ஒரு கோடு கீழே இறங்கினால் தாயைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அந்த அட்டையில் ஐந்து வயது வரைக்கும் ஒரு பிள்ளையின் உயிர் எழுத்தாக இருக்கிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஊசி போடும் நாட்கள் வருகின்றன, பற்களைப் பார்க்கும் நாட்கள் வருகின்றன. பதினாறு வயதில் அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு லயத்து வாசலில் வந்து நிற்கும்போது, இந்த நாடு அவனை முழுமையாக நம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அவனை நிறுத்துப் பார்க்க ஆளில்லை. அவன் தூங்குகிறானா, யாருடைய அடியை வாங்குகிறான், எப்போது முதலாவது போத்தலைத் திறந்தான் என்று கேட்க யாரும் குடை பிடித்துக்கொண்டு மேடு ஏறுவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அத்தனை அக்கறை, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை நம்பிக்கை!

அந்த நம்பிக்கை தேர்த் திருவிழா இரவில் வெளியே வரும். மேல் டிவிஷன் பையன்களுக்கும் கீழ் டிவிஷன் பையன்களுக்கும் ஏப்ரல் மாதக் கிரிக்கெட் மெட்சில் கொடுக்காத ஒரு ரன் அவுட் இன்னும் பாக்கி இருக்கிறது. கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறவன் லீவில் வந்திருக்கிறான். புதுச் சட்டை, புது போன். அவனுக்கு மாதம் முழுக்க முதலாளியின் முன்னால் தலை குனிந்து நின்ற அலுப்பு. ஊரில் இருப்பவனுக்கு, ஊரிலேயே இருந்துவிட்ட வெட்கம். இரண்டு பேரும் மத்தியானத்திலிருந்து குடித்திருக்கிறார்கள். கூட்டத்தில் தோள் இடிபடுகிறது. "என்னடா மொறைக்கிற?" என்று ஒரு குரல். தகப்பன் கூர் தீட்டிக் கூரையில் செருகி வைத்திருந்த கவ்வாத்துக் கத்தி எப்படி அங்கே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வெட்டு முகத்துக்கு வருகிறது. முகத்தை மறைக்கத் தூக்கிய இடது முன்கையில் விழுகிறது, அருகருகே இரண்டு கோடு.

இதற்குப் பிறகு எல்லாம் எவ்வளவு நேர்த்தியாக நடக்கிறது என்பதை நான் சொல்லாமல் விடக்கூடாது. திரிவீல்காரர் காசு பேசாமல் ஏற்றிக்கொண்டு பறக்கிறார். ஆஸ்பத்திரியில் தாதி கழுவிக் கட்டுகிறார். "என்ன நடந்தது?" என்று கேட்கிறார். "விழுந்துட்டேன் மிஸ்" என்கிறான். விழுந்தால் இப்படி இரண்டு கோடு வராது என்பது அவருக்குத் தெரியும், பின்னால் வரிசையில் நிற்கிற கிழவிக்கும் தெரியும். விழுந்தது என்று எழுதி, நன்றாகத் தைத்து அனுப்புகிறார்கள். ஆழமாக இருந்தால் டிக்கோயாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ அம்புலன்ஸ் போகிறது. மறுநாள் யாராவது முறைப்பாடு கொடுத்தால் பொலிஸ் சிங்களத்தில் வாக்குமூலம் எழுதுகிறது. பையன் அதன் கீழே தமிழில் கையெழுத்து வைக்கிறான். தோட்டத்துச் சங்கத் தலைவர் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "நம்ம புள்ளைங்கதானே, விட்டுருங்க" என்று பேசி முடிக்கிறார். தேத்தண்ணி குடித்துக் கலைகிறார்கள். வேலைக்கு வராத நாட்களுக்குத் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் அவனுக்குப் பேர் விழவில்லை, அதுவும் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. தைத்தவர், எழுதியவர், பேசி முடித்தவர் எவரிடத்திலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு புத்தகம், பொலிஸில் ஒரு புத்தகம், நீதிமன்றத்தில் ஒரு கோப்பு, தோட்டத்து ஒபிசில் ஒரு செக்ரோல், தலைவரின் மனதில் ஒரு புத்தகம். ஐந்தும் ஒரே காயத்தைப் பற்றியவை. ஐந்தும் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒரே மேசையில் திறந்து வைத்துப் பக்கத்தைப் புரட்டாத கண்ணியத்தை என்னவென்று சொல்வது! அடுத்த வருடம் அதே இடத்தில் அதே இரவில் மற்றவனுடைய கை வெட்டுப்படும். அப்போதும் அதே நேர்த்தியோடு தைப்பார்கள்.

பொலிஸின் எண்ணிக்கைத் திறமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17 அன்று போதைப்பொருளுக்கு எதிராக 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதம்போல ஆனதும், 29,000 பேருக்கு மேல் கைதாகிவிட்டார்கள் என்று ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே எடுத்துச் சொல்லி, நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எண்ணிக்கை வளர்ந்திருந்தது. பிடிபட்டவர்களை நாள்தோறும் எண்ணி அறிக்கை விடுவது சின்னக் காரியமா? அத்தனை சுறுசுறுப்பான விரல்கள் ஒரு திருவிழா இரவின் காயங்களையும் எண்ணினால் என்னவெல்லாம் தெரியவரும் என்று நினைக்கும்போது உண்மையிலேயே எனக்கு நெஞ்சு துடிக்கிறது.

போத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய புகையிலை மற்றும் மது அதிகார சபைச் சட்டம் 2006இல் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது, மதுவுக்கு விளம்பரம் கூடாது என்கிறது அது. உலகில் பல நாடுகளுக்கு இல்லாத சட்டம். அதே நாட்டில்தான் 2024இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியலைச் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைத்தார். அது நூற்றுக்கணக்கில் நீண்டது. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளும், டவுனில் மதுக்கடை வாசலில் வரிசை நீளும் நாளும், அவசர சிகிச்சைப் பிரிவில் படுக்கை நிரம்பும் நாளும் மலையகத்தில் எல்லோருக்கும் பாடம். இவ்வளவு தெரிந்தும் அந்த வாரத்தில் கடை நேரத்தைத் தொடாமல், தையல் நூலை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்கிற முன்யோசனை எல்லா நாட்டுக்கும் வாய்க்காது.

இப்படி எண்ணிக் காரணம் கண்டு தடுக்க நமக்குத் தெரியாது என்று எவராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இந்த நாடு ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது. உலகமே பாடமாகப் படிக்கும் அளவுக்குச் செய்திருக்கிறது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அவர்களில் எத்தனையோ பேர் இளைஞர்கள், கிராமத்துப் பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகள். தன்மேல் கை வைப்பதும் வன்முறைதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அந்த அறிக்கை ஒரே கூரையின் கீழ்தான் வைக்கிறது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பிள்ளைகளைக் கோழைகள் என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டு உட்காரவில்லை. எண்ணினார்கள். ஒரு நிமிட ஆத்திரத்தில், கைக்கு எட்டிய கொடிய பூச்சிக்கொல்லியால்தான் பெரும்பாலான சாவுகள் நேர்கின்றன என்று கண்டார்கள். பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டுச் சட்டமும், பேராதனையில் அதற்கென்று ஒரு பதிவாளர் அலுவலகமும் இருந்தன. வட்டவளையில் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற பேராதனைதான். 1995இல் மிகக் கொடிய வகைகளும், 1998இல் இன்னொன்றும், 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்றும் சந்தையிலிருந்து போயின. 1997இல் ஜனாதிபதி இதற்கென்றே குழு அமைத்தார். உயிரை விட முயன்றவனைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவை 1998இல் நீக்கினார்கள். 2005 அளவில் விகிதம் பாதியாயிற்று. இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விளைச்சல் குறையவில்லை. பல்லாயிரம் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். தாங்கள் காப்பாற்றப்பட்டோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

இதைச் செய்த அதிகாரிகளை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆத்திரம் ஒரு நிமிடம், ஆயுதம் கைக்கெட்டாமல் போனால் அந்த நிமிடம் கடந்துவிடும் என்பதை நம் அரசாங்கத்தைவிட நன்றாக நிரூபித்த அரசாங்கம் கிடையாது. நிரூபித்துவிட்டு, தங்கள் வெற்றியைத் தோட்டத்துப் பையன்களின் கத்திக்கும் போத்தலுக்கும் பயன்படுத்திப் பெருமை தேடிக்கொள்ளாத அடக்கமும் அவர்களுடையதே.

நம்மைவிடச் சின்னச் சாதனை ஒன்றைச் சொல்கிறேன். வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத்தில் ஜொனதன் ஷெப்பர்ட் என்றொரு அறுவைச் சிகிச்சை நிபுணர். உடைந்த தாடைகளையும் கிழிந்த முகங்களையும் தைத்துத் தைத்து, இந்தக் காயங்களில் பெரும்பாலானவை பொலிஸ் புத்தகத்தில் இல்லவே இல்லை என்று கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருப்பவர் எங்கே, எப்போது, எதனால் என்று கேட்டு எழுதினார். பெயர், விலாசம் எதுவும் வெளியே போகவில்லை. மாதா மாதம் அந்தத் தாள் பொலிஸுக்கும் நகரசபைக்கும் போனது. எந்த மதுக்கடை, எந்த மூலை, சனிக்கிழமை எத்தனை மணி என்று தெரிந்ததும், அங்கே பொலிஸ் நின்றது. 2011இல் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிடும்போது 42 சதவீதம் குறைந்தார்கள். செலவு ஒரு கேள்வியும் ஒரு தாளும். மருத்துவ மாது லயத்தில் நாள்தோறும் கேட்கும் கேள்விகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்கொட்லாந்துக்காரர்களிடம் வாங்கியதைப் பத்திரமாக வைத்திருக்கும் நம் நன்றியுணர்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர். தேயிலையை உலகம் முழுக்க விற்ற லிப்டன் பிறந்தது கிளாஸ்கோவில். வட்டவளையைச் சுற்றிப் பாருங்கள். லொனெக், ஸ்ட்ரெத்டன் என்று அவர்கள் ஊர்ப் பெயர்கள் பலகைகளில் அப்படியே இருக்கின்றன. காலையில் ஆள் கூட்டிப் பேர் எழுதும் பிரட்டு அவர்கள் கொடுத்தது, செக்ரோல் அவர்கள் கொடுத்தது, லயக் காம்பிராவும் அவர்கள் கொடுத்ததே. ஒன்றையும் தொலைக்கவில்லை.

அந்தக் கிளாஸ்கோ 2000களின் தொடக்கத்தில் கத்திக்குத்துக்குப் பேர்போன ஊராக இருந்தது. 2004–05இல் ஸ்கொட்லாந்து முழுவதும் 137 கொலைகள். 2005இல் கிளாஸ்கோ பொலிஸிலேயே, கரின் மெக்ளஸ்கியும் ஜோன் கார்னொகனும் முன்னின்று வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். பிடித்துப் பிடித்துப் பார்த்தாகிவிட்டது, இதை நோயாகப் பார்ப்போம் என்றார்கள். சண்டைக் குழுக்களின் பையன்களை 2008இல் நீதிமன்ற மண்டபத்துக்கே அழைத்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாயையும், காயத்தைத் தைத்த வைத்தியரையும் அவர்கள் முன்னால் பேச வைத்தார்கள். விட்டுவிட விரும்புகிறவனுக்கு வேலையும் பயிற்சியும் இருக்கிறது, இந்த நம்பரைக் கூப்பிடு என்று கையில் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளில் நாட்டின் கொலைகள் பாதிக்கும் கீழே வந்தன. ஸ்கொட்லாந்தின் கவ்வாத்துக் கத்தியையும் பெயர்ப்பலகையையும் ஒன்றரை நூற்றாண்டாகக் காத்துவரும் நாம், இருபது வருடத்துப் புதுச் சரக்கை அவசரப்பட்டு இறக்குமதி செய்யவில்லை.

காரணம் கேட்கத் தெரியாத நாடும் அல்ல இது. 1987–89இல் தெற்கில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்துத் தீர்ந்த பிறகு, ஜனாதிபதி நியமித்த இளைஞர் ஆணைக்குழு உட்கார்ந்து கேட்டது. வேலையும் வாய்ப்பும் அரசியல் செல்வாக்கின்படி பங்கிடப்படுவதை முக்கிய காரணங்களில் ஒன்றாக வைத்து 1990இல் அறிக்கை கொடுத்தது. கேட்பதற்கு எத்தனை பிணம் வேண்டும் என்பதுதான் கேள்வி. நம் தொழிற்சங்கங்களும் கணக்கில் சளைத்தவை அல்ல. சந்தாக் கணக்கு தவறாது, வாக்காளர் பட்டியல் தெருத் தெருவாக மனப்பாடம். மே தின மேடையில் இளைஞர்கள் எங்கள் எதிர்காலம் என்று சொல்லும்போது தலைவர்களின் குரல் நடுங்குவதைக் கேட்டிருக்கிறேன். அந்த நடுக்கம் பொய்யாக இருக்க முடியாது.

கடைசியாக ஒருவரைப் புகழ வேண்டும். இந்தப் புகழ்ச்சிக்குள் வேறு பொருள் எதுவும் இல்லை.

சோமாலியாவில் காசநோயோடும் வாந்திபேதியோடும் போராடிவிட்டு வீடு திரும்பிய கேரி ஸ்லட்கின் என்ற வைத்தியர், சிகாகோவில் துப்பாக்கிச் சூடுகளின் வரைபடத்தைப் பார்த்தபோது, வாந்திபேதி பரவிய வரைபடம்போலவே இருக்கக் கண்டார். 2000இல் அந்நகரத்தின் மேற்குப் பகுதியில் ஒரு திட்டம் தொடங்கினார். அதே தெருக்களில் ஒரு காலத்தில் தாங்களே சண்டை போட்டுச் சிறைக்குப் போய் வந்தவர்களைச் சம்பளத்துக்கு எடுத்தார். பழிவாங்கப் போகிறவனைப் போய்ப் பிடித்து உட்கார வைத்துப் பேசுவதுதான் அவர்களுக்கு வேலை.

அந்த ஆள் நம் ஒவ்வொரு டிவிஷனிலும் ஏற்கனவே இருக்கிறார். இருபது வயதில் ஒரு வெட்டுக்குத்தில் மாட்டி ரிமாண்டுக்குப் போனவர், இப்போது சந்தியில் திரிவீல் ஓட்டுகிறவர். தேர் இரவில் இரண்டு லயத்துக்கும் நடுவே இருக்கிற வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார். யார் மத்தியானத்திலிருந்து குடிக்கிறான், யாருடைய தங்கச்சியைப் பற்றி யார் பேசினான், யார் சட்டைக்குள் எதை வைத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். ஒருவனின் தோளில் கையைப் போட்டு, "வாடா தம்பி, ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் இறக்கிவிட்டுத் தாயிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி வளைவில் நிற்பார். அந்த இரவு விழாமல் போன வெட்டுகள் எத்தனை என்று அவருக்கும் அந்தத் தாய்மாருக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சுகாதார வைத்திய அதிகாரி அழைத்ததில்லை, பெட்ரோல் காசு கொடுக்க ஒரு கம்பெனியோ சங்கமோ முன்வந்ததில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே அலுவலகம் பொலிஸ் நிலையம்தான், அதுவும் பழைய வழக்குக்குக் கையெழுத்துப் போட.